பால் கணக்குக் காலண்டரில் இரண்டு குறிகள்

எங்கள் வீட்டுச் சமையலறையில், மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பால் வராத நாளுக்கு ஒரு சுழி, தண்ணீர் கேன் வந்த நாளுக்கு ஒரு கோடு, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சென்ற ஜூனிலிருந்து அதில் இன்னும் இரண்டு குறிகள் சேர்ந்துகொண்டன: ‘நீ’, ‘சை’. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சை என்று போட்ட நாளெல்லாம் சைவமா கண்ணு? போன வாரம் அந்த நாளில்தானே முட்டை பொரித்தாய்?” என்று கேட்டார். நீ என்றால் என் மகள் நீந்திய நாள், சை என்றால் சைக்கிள் ஓட்டிய நாள் என்று சொன்னேன். “இதற்கெல்லாமா கணக்கு வைப்பார்கள்!” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை. பால்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், அதனால் கணக்கு வைக்கிறோம். பிள்ளை சைக்கிள் ஓட்டியதற்கு யாருக்குக் கணக்குக் காட்டப்போகிறோம்?

எல்லாம் ஒரு படிவத்தால் வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான்காம் வகுப்புக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். ரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு கட்டங்கள்: நீச்சல் தெரியுமா, சைக்கிள் ஓட்டத் தெரியுமா. இரண்டிலும் ஆம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை. மே மாதத்தில்தான் இருபத்தொரு நாள் நீச்சல் வகுப்புக்கு அனுப்பி, படம் போட்ட சான்றிதழ் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தோம். சைக்கிள், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறது. ஆனால் பேனாவை மூடும்போது உள்ளே ஏதோ உறுத்தியது. கடைசியாக எப்போது என்று அந்தத் தாள் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? அன்று மாலையே காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். ஜூன் 10 முதல் செப்டம்பர் கடைசிவரை எண்ணினால் சை ஒன்பது, நீ இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, உறவினர் கல்யாணத்துக்குப் போய்த் தங்கிய விடுதியில் இடுப்பளவுத் தண்ணீரில் பந்து விளையாடியது. அதை நீச்சல் என்று எழுதியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கிட்டத்தட்ட நான்கு மாதம். பால் வராத நாள்கூட அதைவிட அதிகம்.

கைப்பேசியைக் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி முடியவில்லை.

இடது பெடல்

சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன். ஏழாவது பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் குட்டிச் சக்கரங்கள். இரண்டு வருடமாக அதோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பத்தடிகூடப் போகவில்லை, சாய்ந்துவிட்டாள். இரண்டு வருடம் ஓட்டியவளுக்கு எதுவுமே படியவில்லையே என்று எனக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால் அவள் என்ன செய்வாள்? சைக்கிள் ஓட்டுவதில் இருக்கிற ஒரே சூட்சுமம், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரை லேசாகத் திருப்புவது. சக்கரங்கள் உடம்புக்கு அடியில் ஓடி வந்து தாங்கிக்கொள்ளும். புத்தி இதற்கு நேர்மாறாகச் சொல்லும். குட்டிச் சக்கரம் இருந்தால் வண்டி சாயவே சாயாது, எனவே அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது சொல்லிக்கொடுத்துவிடும். பெடல் மிதிக்க, பிரேக் பிடிக்க, மணி அடிக்க. மணி அடிப்பதில் என் மகள் தேர்ந்தவள்.

பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் உந்தி உந்திப் போகவிட்டால் இரண்டு நாளில் வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஸ்பேனர் வாங்கிவந்து உட்கார்ந்தேன். வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடல் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். இன்னும் இறுகிப்போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். இப்போது மோட்டார் சைக்கிள்தான் வருகிறது, சைக்கிள் என்றால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவர் ஸ்பேனரை மாட்டி, நான் திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார், கழன்று வந்துவிட்டது. “இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் அம்மா. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்று விழுந்துவிடும். இரண்டையும் பின்சக்கரத்துப் பக்கமாகத் திருப்பினால் கழலும், முன்சக்கரத்துப் பக்கம் திருப்பினால் இறுகும்” என்றார். இத்தனை வருடம் மிதித்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. காசு வாங்க மறுத்துவிட்டார். பெடல் இல்லாத சைக்கிளோடு இரண்டு மாலை வண்டி நிறுத்துமிடத்தில் உந்தியவள், மூன்றாம் நாள் கால்களைத் தூக்கிக்கொண்டு இருபதடி மிதந்து போனாள். பெடலைத் திரும்ப மாட்டிய அன்றே ஓட்டினாள்.

இதற்குப் பிறகும் காலண்டரில் சை ஒன்பதுதான். அங்கேதான் நான் குழம்பினேன். ஓட்டத் தெரிந்தால் ஓட்டுவாள் என்று நினைத்திருந்தேன். எங்கே ஓட்டுவது? தூண்களைச் சுற்றி ஒரு வட்டம். கார்கள் வந்து போகும், காவலாளி விசில் ஊதுவார். ஏழாவது சுற்றில் இறங்கிவிடுவாள். வெளியே போனால் எங்கள் தெரு நூறு மீட்டரில் முடிந்து, நகரப் பேருந்துகளும் லாரிகளும் ஓடும் சாலையில் போய்ச் சேர்கிறது. அங்கே அவளை விட எனக்குத் தைரியம் இல்லை. அந்தச் சாலையில் நானே ஸ்கூட்டரை ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் போகிறேன்.

என் ஒன்பது வயதில், கோபிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், மணிக்கு ஒரு ரூபாய் வாடகை. ஓட்டப் பழகியது அரை சைக்கிளில். அது கிடைக்காத நாளில் அப்பாவின் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் பழகிய வாரமே வேலை வந்து சேர்ந்தது. ராகி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்வா. சித்தப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோ. டெய்லர் கடையில் ரவிக்கை தைத்துவிட்டாரா பார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சைக்கிள் ஓட்டினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கேள்வியே புரிந்திருக்காது. செருப்புப் போடுவதை யாராவது எண்ணுவார்களா? என் மகளுக்கு எந்த வேலையும் இல்லை. மாவு பாக்கெட்டில் வருகிறது, காய்கறி படியேறி வருகிறது, பள்ளிக்கு வேன் வருகிறது. அவளை அனுப்புவதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை. அந்தச் சைக்கிள் தூசி படிந்து நிற்பதற்கு அவளுடைய சோம்பலைக் காரணமாகச் சொல்லிவந்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

தினமும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், ஊருக்குப் போகும் வழியில் மாலை நாலேகாலுக்குச் சாலையோரம் வரிசையாக வருகிறார்கள். அரசுப் பள்ளிச் சீருடை, ஒரே மாதிரி விலையில்லா சைக்கிள், முன்கூடையில் பை. பேசிக்கொண்டே வருவார்கள், இரண்டு பேர் இணையாக, பின்னால் பஸ் வந்தால் முகம் சுளித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக ஆவார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06இல் மற்றவர்களுக்கும் விரிந்தது. நான் பிளஸ் டூ முடித்து வெளியே வந்த பிறகுதான் தொடங்கினார்கள் என்பதில் எனக்கு இன்றும் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சைக்கிள் கைக்கு வருவது பதினொன்றாம் வகுப்பில். அதற்கு முன்னால் அவர்கள் வேறு எதிலாவது பழகியிருக்க வேண்டும். 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அவர்களுக்கும் போவதற்கு இடம் இருந்தது. வேலை இருந்தது, தண்ணீர்க் குடம் இருந்தது, சந்தை இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போகலாம் என்பதுதான் ஆசையே.

புருடையும் கயிறும்

நீச்சல் வேறு கதை. எங்கள் கிணறு முப்பதடிச் சதுரம், கல் கட்டு, ஒரு மூலையிலிருந்து சுவரை ஒட்டிப் படிகள் இறங்கும். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, கீழ்பவானி வாய்க்கால் தீர்மானிக்கும். பவானிசாகரிலிருந்து புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடுகிற மண் வாய்க்கால் அது. வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்று திறப்பார்கள், 120 நாள் ஓடும். மறுபடி ஜனவரியில் புஞ்சைக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்த சில வாரங்களில் கசிவு ஊறி ஊறிக் கிணறுகள் ஏறும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிறோம் என்றபோது விவசாயிகள் பலர் எதிர்த்துப் போராடியது இந்தக் கசிவுக்காகத்தான். எங்கள் நீச்சல் பருவமும் அந்தக் கசிவில்தான் இருந்தது. “எத்தனை படி?” என்பதுதான் எங்கள் அளவு. பதினாலு படி தெரிந்தால் தண்ணீர் கீழே, ஆறு படி தெரிந்தால் மோட்டார் திட்டிலிருந்தே குதிக்கலாம்.

சித்தப்பா எனக்கு முதுகில் காய்ந்த சுரைப்புருடை இரண்டைக் கட்டி, இடுப்பில் தாம்புக்கயிற்றை முடிந்து, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தள்ளினார். மூக்கில் தண்ணீர் ஏறி எரிந்தது. கயிற்றை இழுத்தார், மறுபடி தள்ளினார். நாலைந்து நாள் கழித்து ஒரு புருடையை எடுத்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது, அதைச் சமாளிக்கக் கை தானாக வேலை செய்தது. பிறகு இரண்டாவதையும். கடைசியில் கயிறு மட்டும் இருந்தது. அதை அவர் விட்டுவிட்டு மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்ததை நான் பாதிக் கிணறு தாண்டித்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு நாய் நீச்சல், மல்லாந்த நீச்சல், நின்றபடி கால் மட்டும் அசைத்து நிற்கிற கடப்பாரை நீச்சல், அடியில் போய் மண் அள்ளிவருவது எல்லாம் தானாக வந்தன. சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. பள்ளி விட்டால் கிணறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கண் சிவந்து, விரல் நுனி சுருங்கும்வரை.

நம் ஊரில் யாரும் நீச்சல் கற்றேன் என்று சொல்வதில்லை. நீச்சல் பழகினேன் என்கிறோம். சைக்கிள் பழகினேன், மாடு பிடிக்கப் பழகினேன். மனிதரோடு பழகுவதற்கும் அதே சொல்தான். ஒருவரோடு இருபத்தொரு நாள் பழகிவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பதினோரு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அதைப் பழக்கம் என்பார்களா? மே மாத வகுப்பில் பயிற்சியாளர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். என் மகள் தலையைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்செடுத்து, என்னைவிட அழகாக நீந்துவாள். ஆனால் நீலத் தரை, நாலடி ஆழம், கண்ணாடி, தொப்பி, கரையில் மிதவை. வகுப்பு முடிந்தால் அடுத்த அணி. வகுப்பில் சேராமல் சும்மா வந்து நீந்த நேரம் உண்டா என்று கேட்டேன். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பெண்களுக்கு ஒரு மணி நேரம் என்றார்கள். வெயிலைப் பார்த்துவிட்டு நான் போகவில்லை. அது என் குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளம் என்றாலே நீந்துகிற இடம்தான், அதற்கு முன்னால் ‘நீச்சல்’ என்று ஒரு சொல் எப்போது தேவைப்பட்டது? கோவையில் உக்கடம் பெரியகுளம் இருக்கிறது, வாலாங்குளம் இருக்கிறது. கரைகளில் நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் போட்டு அழகாக்கியிருக்கிறார்கள். மாலையில் கூட்டம் தாங்காது. பெரியகுளத்துக் கரையில் அவளோடு நடந்தபோது, “இதில் இறங்கலாமா அம்மா?” என்று கேட்டாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கழிவுநீர் நாற்றம் அப்போதுதான் காற்றில் வந்தது.

படியில்

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். புறப்படுவதற்கு முன்னால் அவளுடைய சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் செவ்வந்திச் சரம் சுற்றினாள். வருடத்தில் அதை அவ்வளவு நேரம் தொட்டது அன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன், காலண்டரில் குறிக்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் ஏழு படி தெரிந்தது. சித்தப்பாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. பக்கத்துத் தோட்டங்களில் ஆழ்குழாய்கள் ஆயிரமடி இறங்கிவிட்டன, பல கிணறுகள் குப்பைக்குழி ஆகிவிட்டன. எங்களுடையது வாய்க்காலுக்கு அருகில் இருப்பதால் பிழைத்துக்கிடக்கிறது. மகள் கண்ணாடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் பாதம் நனைந்ததும் நின்றுவிட்டாள். பச்சைத் தண்ணீர். அவள் தன் பாதத்தைப் பார்த்தாள், அதற்குக் கீழே ஒரு படி மங்கலாக, அதற்கும் கீழே எதுவுமில்லை. “அடி தெரியவில்லை” என்றாள். நான் மேலிருந்து, இருபத்தொரு நாள் போனாயே, இரண்டும் தண்ணீர்தானே என்று ஏதோ சொன்னேன். அவள் திரும்பி, எந்தக் குத்தலும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்: “நீ கடைசியாக எப்போது இறங்கினாய்?”

பதில் சொல்ல நேரமாகவில்லை. 1997. பதின்மூன்று வயது. சடங்கு முடிந்து வந்த வாரம், ஆத்தா வாசலில் உட்கார்ந்து என் தலையைப் பின்னிக்கொண்டே, “இனிமேல் கிணற்றுப் பக்கம் போகாதே சாமி” என்றார். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் விளக்கவில்லை. அண்ணன் அடுத்த ஞாயிறும் போனான். சைக்கிளை விட்டுவைத்தார்கள், அது பள்ளிக்குப் போவதற்கு வேண்டியிருந்தது. ஆக, இருபத்தெட்டு வருடம். கைப்பேசி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே என் காலண்டரில் ‘நீ’ நின்றுபோயிருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் என்று நான் அடிக்கடி தொடங்குவேனே, அந்த நாங்களில் யார் யார் இருந்தார்கள்? அண்ணன் இருந்தான். நான் நான்கு வருடம் இருந்தேன். ஊருக்குக் கிழக்கே காலனியில் இருந்த பிள்ளைகள் எங்கள் கிணற்றில் ஒரு நாளும் இறங்கியதில்லை, ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அவர்கள் வாய்க்காலுக்குப் போனார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு வேகம் உண்டு. ஒரு வருடம் அங்கிருந்து இரண்டு பையன்கள் திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பள்ளி அரைநாள் விடுமுறை விட்டார்கள். அதை நினைவு வைத்திருக்கிறேன், அவர்கள் முகத்தை நினைவு வைத்திருக்கவில்லை.

சுடிதாரோடு இறங்கினேன். துப்பட்டாவை மோட்டார் திட்டில் வைத்தேன். மேலே சித்தி, “என்ன கண்ணு இது” என்று சொல்வது கேட்டது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் மூச்சு நின்றது, அவ்வளவு குளிர். படியை விட்டேன். கை தானாக வந்தது, கால் தானாக வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுபோல இருந்தது. ஆனால் மூச்சு வரவில்லை. ஆறாவது வீச்சில் வாய் திறந்துவிட்டது. எதிர்ச்சுவர் முப்பதடிதான், அது வாய்க்காலின் மறுகரைபோலத் தெரிந்தது. சுவரில் துருத்திக்கொண்டிருந்த கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பாசி வழுக்க, இருமினேன். சின்ன வயதில் அதே கல்லில் காலை ஊன்றித் திரும்பி நீந்துவேன். சித்தப்பா மேலிருந்து சத்தம் போடவில்லை. கையில் கயிறு வைத்திருந்தார். எப்போது எடுத்துவந்தார் என்று தெரியவில்லை.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். தண்ணீருக்கு மேலே தெரிகிற கடைசிப் படிக்கும் கீழே இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். இருபத்திரண்டு, மொத்தம் இருபத்தொன்பது என்றேன். சின்ன வயதில் மூச்சடக்கிப் போய்த் தடவி எண்ணிய எண்ணிக்கை. அது அவளுக்கு ஏதோ உதவியாக இருந்திருக்க வேண்டும். லாரி டியூபை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினாள். பத்து நிமிடத்தில் தொப்பியைக் கழற்றி எறிந்தாள். மறுநாள் காலை டியூப் இல்லாமல், சித்தப்பாவின் கயிற்றோடு.

தண்ணீருக்குத் தள்ளி வைப்பது

இதை எழுதும்போது இரண்டு செய்திகள் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஏழு பெண்கள் மூழ்கினார்கள், பெரும்பாலும் சிறுமிகள். முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போனார்கள். 2023 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கால்பந்துப் போட்டிக்குப் போன மாணவிகளில் நான்கு பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். போட்டியில் ஓடி ஆடுகிற பிள்ளைகள், உடம்பில் வலுவுள்ள பிள்ளைகள். அவர்களுக்குப் பந்து பழகியிருந்தது. புதுக்கோட்டைப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது நீச்சலையும் ஒரு பாடமாக யாராவது யோசித்திருந்தால் என்று மனம் எங்கெங்கோ போகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல். ஒவ்வொரு முறையும் தடுப்பணையில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள், ஆபத்தான பகுதி, இங்கே குளிக்காதீர் என்று. வைக்கத்தான் வேண்டும். ஆத்தாவும் எனக்கு வைத்தது அந்தப் பலகைதான்.

ஆனால் எனக்குப் பயமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிணற்றில் அவள் தலை ஒரு நொடி உள்ளே போனபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. நான் நீந்தப் பழகிய நாள்களில் என் அம்மா எங்கே இருந்தார் என்று யோசித்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார். பிள்ளை கிணற்றில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு நேரமும் வசதியும் இருக்கிறது, அதனாலேயே என் மகளுக்கு நாட்கள் குறைகின்றன. நான் கூட வர முடிகிற அன்றுதான் அவளுக்கு நீச்சல், நான் கீழே இறங்கி நிற்க முடிகிற அன்றுதான் சைக்கிள். அவளுடைய ஒன்பதும் இரண்டும் உண்மையில் என்னுடைய ஓய்வு நாட்களின் கணக்கு. அவளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே பேனாவால் குறித்திருக்கிறேன்.

நவம்பரில் ஞாயிறு மதிய நேரத்துக்குப் பணம் கட்டினேன். பெண்களுக்கான அந்த ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் ஐந்து பேர் வருகிறோம், அதில் இரண்டு பேர் என்னைப் போலவே சின்ன வயதில் நீந்தி இடையில் நிறுத்தப்பட்டவர்கள். ஒருவர் தாமிரபரணிக்காரர், மல்லாந்து படுத்தால் எழுந்திருக்கவே மாட்டார். எனக்கு இப்போது பதினைந்து வீச்சுவரை மூச்சு தாங்குகிறது. சைக்கிளுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. தெருமுனைப் பஞ்சர் கடை வரை போய்ப் பெரியவரிடம் காற்றடித்துக்கொண்டு வரலாம் என்று அனுமதித்திருக்கிறேன். டயரில் காற்று இருக்கிறதோ இல்லையோ வாரத்துக்கு மூன்று முறை காற்றடிக்கப் போகிறாள். அவரும் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் மேல்மாடிப் பையன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, குட்டிச் சக்கரத்தோடு பெடலையும் கழற்றித் தர முடியுமா ஆன்ட்டி என்று கேட்டான். அவள் ஸ்பேனரை எடுத்துவந்தாள். “இடது பெடல் எதிர்ப்பக்கம்” என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் சித்தப்பா கைப்பேசியில் அழைத்தார். வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், கிணறு இறங்க ஆரம்பித்துவிட்டது, ஜனவரியில் திறந்தால் மறுபடி ஏறும், பொங்கலுக்கு வருவதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்றார். மகள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, “அப்பச்சி, இன்றைக்கு எத்தனை படி?” என்று கேட்டாள். அவர் பொறு என்று சொல்லிவிட்டுக் கிணற்று மேட்டுக்கு நடக்கிற சத்தம் கேட்டது. செருப்பு, மூச்சு, எங்கோ ஒரு மயில். பிறகு எண்ண ஆரம்பித்தார்.